போகும் வழியும் திரும்பும் வழியும்



பாகப்பிரிவினை முடிந்த வீடுகள் நம் ஊர்களில் பல உண்டு. தலைவாசல் ஒன்று, அடுப்பங்கரை இரண்டு. கிணறு ஒன்று, மின் மீட்டர் இரண்டு. இப்பொழுது அந்த வரிசையில் இணைய இணைப்பும் சேர்ந்துவிட்டது. மாடியில் ஒரு ரூட்டர், கீழே ஒரு ரூட்டர். மாடியிலுள்ள செல்போன் கடல் கடந்து துபாயில் இருக்கும் மாமாவோடு நொடியில் பேசிவிடும். ஆனால் பன்னிரண்டு படிகளுக்குக் கீழே இருக்கும் பிரிண்டரோடு அதனால் பேச இயலாது. அந்தப் பன்னிரண்டு படிகளை இரு குடும்பங்களும் எவ்வாறு கடந்தோம் என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்கு இது பயன்படலாம், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் வாப்பா மர்ஹூம் அவர்கள் வீட்டின் முன்கூடத்தில் மக்ரிபுக்குப் பின் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள். அப்பாடங்களில் ஒரு பகுதி, 90 நிமிட கேசட்டுகள் நாற்பதில் பதிவாகியிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி, முன்கூடத்திலுள்ள சேமிப்புப் பெட்டியில் வைத்து வருகிறோம். நாஸ் என்று கடைக்காரர்கள் அழைக்கும் சிறு பெட்டி அது. விநாடிக்கு 128 கிலோபிட் என்ற தரத்தில் பதிந்தால் ஒரு கேசட் ஏறக்குறைய 86 எம்பி வரும். நாற்பதும் சேர்ந்து மூன்றரை ஜிபியைத் தாண்டாது. ஒரு மனிதரின் அறுபது மணி நேரக் குரல் அவ்வளவு சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது.

உம்மா மாடியில் காக்காவின் குடும்பத்தோடு இருக்கிறார்கள். முழங்கால் வலியால் படியிறங்க முடிவதில்லை. வாப்பாவின் குரலை மேலிருந்தே கேட்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. முதலில் பென்டிரைவில் படியெடுத்துக் கொடுத்தோம். ஆனால் கேசட்டுகளை மாற்றும் வேலை வாரந்தோறும் நடந்துகொண்டிருந்தது. அதோடு, இப்போது முன்கூடத்தில் ஓதும் பிள்ளைகளின் ஓதலையும் உம்மா கேட்க விரும்பினார்கள். ஒரு காலத்தில் தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக்கொடுத்தவர்கள் அல்லவா? எந்தப் பிள்ளை எந்த எழுத்தை எங்கே விழுங்குகிறது என்பதை அவர்களின் காது இன்றும் பிடித்துவிடும். நாள்தோறும் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாகம் பிரித்த நாளிலிருந்து எங்களுக்கும் காக்காவுக்கும் இடையே பேச்சு சுருங்கியிருந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. படியில் எதிர்ப்பட்டால் ஸலாமும் பதில் ஸலாமும் உண்டு. அதற்குமேல் ஏதும் இல்லை. ஆகவே இரண்டு வலைகளை இணைப்பது எங்கள் வீட்டில் கம்பி இழுக்கும் வேலையாக மட்டும் இருக்க முடியவில்லை.

கம்பியை மட்டும் இழுத்தால் என்ன?

இரண்டு ரூட்டர்களையும் ஒரு நெட்வொர்க் கேபிளால் நேரடியாக இணைத்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது; கெடுதலும் உண்டு. வீட்டு ரூட்டர் ஒவ்வொன்றும் தன்னிடம் வந்து சேரும் கருவிகளுக்கு முகவரி எண் வழங்குகிறது. டிஹெச்சிபி என்பது அப்பணியின் பெயர். இரண்டு ரூட்டர்களும் ஒரே கம்பியில் சேர்ந்தால் எண் வழங்குவோர் இருவராகிவிடுவர். மாடியிலுள்ள போனுக்குக் கீழ்வீட்டு ரூட்டர் எண் கொடுக்கும். கீழ்வீட்டுக் கணினி மாடி இணைப்பின் வழியே வெளியே போகும். ஒரே எண் இரு கருவிகளுக்குப் போய்ச் சேரவும் கூடும். யார் வீட்டு இணைப்பில் யார் பேசுகிறார்கள் என்பது தெரியாத நிலை உண்டாகும். பிரித்த பாகத்தை வேலி பிடுங்கி மறுபடியும் கலப்பதற்கு ஒப்பானது இது. காக்கா இதற்கு ஒருபோதும் இசைந்திருக்கமாட்டார்கள். நாங்களும் அவ்வாறு கேட்டிருக்கமாட்டோம்.

ஆகவே இரு வலைகளும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். அவற்றிற்கு நடுவே நம்பத்தகுந்த ஒருவர் நின்று, இங்கிருந்து வருவதை அங்கும் அங்கிருந்து வருவதை இங்கும் கைமாற்றித் தர வேண்டும். ரூட்டிங் என்பது இந்தக் கைமாற்றும் பணிதான்.

யாருடைய எண்ணை மாற்றுவது?

வீடு போன்ற தனி வலைகளுக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கென்று மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 10 என்று தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168 என்று தொடங்குவது ஒன்று. உலகில் எத்தனை கோடி வீடுகளிலும் இதே எண்கள் இருக்கலாம். அவை வீட்டு வாசலைத் தாண்டிச் செல்லாதவை என்பதால் குழப்பம் இல்லை. எங்கள் வீட்டிலோ, மாடி ரூட்டரும் கீழ் ரூட்டரும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 192.168.1 என்ற ஒரே தொகுதியில் இருந்தன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கருவி, தான் பேச வேண்டிய முகவரியைத் தன் முகவரியோடு ஒப்பிடுகிறது. 255.255.255.0 என்ற மறைப்பு எண் இருக்குமானால், முதல் மூன்று எண்களும் ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. ஒத்திருந்தால், அது தன் வீட்டுக்காரர் என்று கருதி நேராகக் கூப்பிடும். ஒத்திராவிட்டால்தான் கேட்வேயிடம், அதாவது ரூட்டரிடம், பொதியை ஒப்படைக்கும். இரு வீடுகளும் ஒரே எண்ணில் இருந்தால், மாடிக் கருவி கீழ்வீட்டுக் கருவியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும், வாசலுக்கு வராது. ஆகவே ஒரு வீடு தன் எண்ணை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும்.

மேலே சென்று இதைச் சொன்னபோது காக்கா முதலில் கேட்ட கேள்வி, "அப்ப எங்க வீட்டு எண்ணையா மாத்தணும்?" என்பதுதான்.

"இல்ல காக்கா, கீழதான் மாத்திக்கிறோம். மேல எதையும் தொட வேண்டியதில்ல" என்றோம்.

கேட்ட மாத்திரத்தில் அவர்களின் முகம் சற்று இளகியது. எண்ணை மாற்றுவது ரூட்டரின் பக்கத்தில் ஒரு வரி வேலைதான். ஆனால் நிலையான முகவரி கொடுத்து வைத்திருந்த பிரிண்டர், சேமிப்புப் பெட்டி, பாட அறைக் கணினி ஆகிய அனைத்திலும் போய் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுவதும் அதற்கே சென்றது. கீழ்வீடு 192.168.20 ஆயிற்று, மாடி 192.168.1 ஆகவே இருந்தது. ஒவ்வொரு வீட்டிற்கும் 256 எண்கள். வலையின் பெயருக்கென ஒன்றும், அனைவரையும் கூவி அழைப்பதற்கென ஒன்றும் போக, கருவிகளுக்கு 254. இரு குடும்பத்திற்கும் அது தாராளம்.

நடுவில் நிற்பவர்

இடையில் நிற்பதற்கு ஒரு பழைய அலுவலகக் கணினியை எடுத்துக்கொண்டோம். பாட அறையின் வீட்டு சர்வராக ஏற்கெனவே அது ஓடிக்கொண்டிருந்தது. அதில் டெபியன் லினக்ஸ் இருந்தது. இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு மட்டும் வாங்கிப் பொருத்தினோம். ஒரு துளையில் கீழ்வீட்டுக் கம்பி. அதன் முகவரி 192.168.20.2. மற்றொன்றில் மாடிப்படிச் சுவரோரம் மேலேறிச் செல்லும் கம்பி. அதன் முகவரி 192.168.1.2. இத்தகைய செப்புக் கம்பி 100 மீட்டர் வரை செல்லும்; எங்களுக்கு அதில் சிறு பகுதியே தேவைப்பட்டது. இரு முகவரிகளையும், ரூட்டர்கள் தாமாக வழங்கும் எண் வரிசைக்கு வெளியே வைத்தோம். இல்லாவிடில் வேறொரு கருவிக்கு அதே எண் போய்விடும்.

இரண்டு கார்டுகள் இருந்தாலும் இயல்பு கேட்வே ஒன்று மட்டுமே கொடுக்க வேண்டும். எங்கள் சர்வருக்கு அது கீழ்வீட்டு ரூட்டர். இரண்டையும் கொடுத்தால், வெளியுலகுக்குப் போகும்போது எந்த வாசலால் போவது என்பதில் கணினி தடுமாறும்.

இரு வலைகளிலும் கால் ஊன்றி நிற்பதாலேயே ஒரு கணினி கைமாற்றும் பணியைச் செய்துவிடாது. தனக்கு வராத பொதியை வாங்கிப் பிறருக்குக் கொடுக்கும் வேலை லினக்ஸில் இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஐபி ஃபார்வர்டிங் என்ற அமைப்பின் மதிப்பு 0 என்று இருக்கும். அதை 1 என்று மாற்ற வேண்டும். கட்டளையாக மட்டும் கொடுத்தால் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகையால் சிஸ்கண்ட்ரோல் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தோம். எழுதிய பின் சர்வரை நாங்களே ஒருமுறை அணைத்து ஏற்றி, மதிப்பு 1 ஆகவே இருப்பதை உறுதி செய்துகொண்டோம். ஐபி பதிப்பு ஆறுக்கு இந்த அமைப்பு தனியாக உண்டு; எங்களுக்குத் தேவையில்லாததால் அதை 0 ஆகவே விட்டுவிட்டோம்.

திரும்பும் வழி

மாடியிலுள்ள கருவி, 192.168.20.30 என்ற சேமிப்புப் பெட்டியைக் கேட்டால், அது தன் வீட்டு எண் அல்ல என்று கண்டு மாடி ரூட்டரிடம் ஒப்படைக்கும். மாடி ரூட்டருக்கோ 20 என்ற வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரியாதவற்றையெல்லாம் இணைய நிறுவனத்தின் பக்கம் தள்ளுவதே அதன் வழக்கம். வீட்டு எண்கள் வெளியே செல்லாதவை என்பதால் பொதி அத்தோடு தொலைந்துவிடும். ஆகவே மாடி ரூட்டரில் நிலையான வழி ஒன்றை எழுத வேண்டும்: சேருமிடம் 192.168.20.0, மறைப்பு 255.255.255.0, ஒப்படைக்க வேண்டிய முகவரி 192.168.1.2. ஸ்டாட்டிக் ரூட் என்ற தலைப்பின் கீழ் இது பெரும்பாலும் இருக்கும்.

அது காக்காவின் ரூட்டர். ஆகவே காக்காவே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். கடவுச்சொல்லை அவர்கள் தட்டச்சு செய்தபோது நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றோம். எண்களை நாங்கள் வாசிக்க, அவர்கள் அடித்தார்கள். சேமித்து முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்றார்கள்.

"போறதுக்கு இவ்வளவுதான் காக்கா. திரும்பி வர்றதுக்கு இன்னும் இருக்கு" என்றோம்.

காக்காவின் மூத்த மகளின் லேப்டாப்பில் அமர்ந்து படிப்படியாகப் பிங் அனுப்பினோம். முதலில் 192.168.1.2, பதில் வந்தது. அடுத்து 192.168.20.2, பதில் வந்தது. மாடி ரூட்டர் வழியை அறிந்துகொண்டது என்பதற்கு அதுவே சான்று. மூன்றாவதாகச் சேமிப்புப் பெட்டி; பதில் இல்லை. அந்நேரம் சர்வரில் டிசிபிடம்ப் என்ற கருவியால் பொதிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மகன், கேள்விகள் ஒவ்வொன்றும் பெட்டியை நோக்கிச் செல்வதையும் மறுமொழி ஒன்றுகூட வராததையும் கீழிருந்து குரல் கொடுத்துச் சொன்னான்.

பெட்டி பதில் சொல்லாமல் இல்லை. தன்னிடம் கேட்டவரின் முகவரி 192.168.1 என்று தொடங்குவதைக் கண்டு, அது வெளியார் என்று எண்ணி, பதிலைக் கீழ்வீட்டு ரூட்டரிடம் கொடுத்தது. கீழ்வீட்டு ரூட்டருக்கு மாடியைத் தெரியாது. பதில் வெளியே தள்ளப்பட்டுத் தொலைந்தது. மாடியில் இருப்பவருக்கோ, கீழ்வீடு மௌனம் சாதிப்பதாகத் தோன்றும்.

இரண்டு சப்நெட்டுகளை இணைக்க முயல்வோரில் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இதுதான். போகும் வழியைச் சரிபார்த்து, மறுபடியும் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். குறையோ திரும்பும் வழியில் இருக்கும். வழி என்பது இரு திசைகளிலும் தனித்தனியே எழுதப்பட வேண்டிய ஒன்று. ஒரு பக்கம் எழுதியதால் மறுபக்கம் தானாக எழுதப்படுவதில்லை. லினக்ஸ் இதில் இன்னும் ஒரு படி மேலே செல்லும். ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்ற சோதனையைக் கண்டிப்பான நிலையில் வைத்தால், வந்த பொதிக்கு அதே வாசல் வழியே திரும்பிச் செல்ல வழி உண்டா என்று பார்க்கும். இல்லையெனில் பொதியை ஏற்காது.

இதைக் காக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் இருவருக்குமே வேறொன்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. கடந்த பெருநாளுக்குக் காக்கா கீழே சொல்லியனுப்பிய ஒரு செய்தி எங்களுக்கு வந்து சேரவில்லை என்பதும், நாங்கள் அனுப்பிய பதில் வேறு யாரிடமோ நின்றுபோனது என்பதும் அன்றுதான் தெரியவந்தது. அவரவர் தம் பக்கம் கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம்.

திரும்பும் வழியைக் கீழ்வீட்டு ரூட்டரில் எழுதலாம். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. மாடியிலிருந்து வரும் கேள்வி சர்வரின் வழியே நேராகப் பெட்டிக்குச் சென்றுவிடும். பதில் மட்டும் கீழ்வீட்டு ரூட்டரைத் தொட்டுச் செல்லும். பேச்சின் ஒரு பாதியை மட்டும் கேட்கும் ரூட்டர்கள் சில, இது முறையற்ற பேச்சு என்று முடிவு செய்து தடுத்துவிடும். ஆகவே நாங்கள் சேமிப்புப் பெட்டியின் அமைப்பிலேயே வழியை எழுதினோம்: 192.168.1.0 வேண்டுமானால் 192.168.20.2-இடம் கொடு. பிரிண்டரில் தனி வழி எழுதும் இடம் இல்லை. கேட்வே என்ற ஓர் இடம் மட்டுமே இருந்தது. அதில் சர்வரின் முகவரியையே கொடுத்தோம்.

மறுபடியும் பிங் அனுப்பியபோது பதில் வந்தது. பதிலோடு 63 என்ற எண்ணும் வந்தது. பெட்டியிலிருந்து புறப்படும் பொதி 64 என்ற ஆயுளோடு புறப்படுகிறது. கைமாற்றும் ஒவ்வொருவரும் அதில் ஒன்றைக் குறைப்பார்கள். ஒரே ஒரு கை மாறி வந்திருக்கிறது என்பதற்கு அந்த 63 சாட்சி.

பெயரை மறைப்பதா?

இவ்வளவு சிரமம் வேண்டாம், சர்வரில் மாஸ்கரேட் என்ற ஒரு வரியை எழுதினால் போதும் என்று சொல்வோர் உண்டு. அதுவும் வேலை செய்யும். மாடியிலிருந்து வரும் பொதியின் முகவரியை அழித்து, சர்வர் தன் முகவரியை எழுதி அனுப்பும். பெட்டி, கேட்பவர் தன் வலையிலேயே உள்ள சர்வர் என்று எண்ணிப் பதில் தரும். திரும்பும் வழி தேவைப்படாது. எதிர்ப்பக்கக் கருவியில் வழி எழுத இடமே இல்லாதபோது இது உதவும்.

ஆனால் அதன்பின், உம்மா கேட்டார்களா, காக்காவின் பிள்ளைகள் கேட்டார்களா, விருந்தினர் எவரேனும் கேட்டார்களா என்பது பெட்டியின் பதிவேட்டில் தெரியாது. எல்லாம் ஒரே முகவரியாகப் பதிவாகும். வாசலில் நின்று கதவைத் தட்டுபவர், யார் என்று கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும், "நான்தான்" என்று மட்டும் சொல்லி நிற்கலாகாது என்பதை நம் பிள்ளைகளுக்கு அதபுப் பாடத்தில் கற்பிக்கிறோம். சொந்த வீட்டிற்குள் பெயரை மறைத்து வந்து போக வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

வழி வேறு, அனுமதி வேறு

பதில் வந்ததைக் கண்டு மகிழ்ந்திருந்த நேரத்தில் காக்கா கேட்டார்கள்: "தம்பி, இப்ப கீழ இருந்து எங்க பிள்ளைகளோட போனு, லேப்டாப்பு எல்லாம் பாக்கலாமா? பாடத்துக்கு வர்ற பசங்களும் அந்த வலையிலதானே இருக்காங்க?"

நியாயமான கேள்வி. எங்களுக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. குடும்பப் படங்கள் உண்டு. வழி திறந்துவிட்டால் எல்லாம் எல்லாருக்கும் என்றாகிவிடும். நுழைவதற்கு முன் அனுமதி கேட்பதும், திரும்பிப் போ என்று சொல்லப்பட்டால் மனம் கோணாமல் திரும்புவதும் மார்க்கம் நமக்கு விதித்த ஒழுக்கம். அதே ஒழுக்கத்தைச் சர்வருக்கும் எழுத வேண்டியிருந்தது.

உம்மாவின் அருகில் அமர்ந்து ஒரு தாளில் எழுதினோம். மேலிருந்து கீழே: சேமிப்புப் பெட்டியின் ஒலிப்பதிவுப் பக்கத்திற்கு மட்டும் அனுமதி, துறை எண் 443. கீழிருந்து மேலே: எதற்கும் அனுமதி இல்லை, கேட்டதற்கு மறுமொழி மட்டும் செல்லலாம். மற்றவை அனைத்தும் மறுக்கப்படும். காக்கா அதை இருமுறை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார்கள், நாங்களும் இட்டோம்.

பிறகு அதை என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வாலில் எழுதினோம். முதல் விதி, ஏற்கெனவே தொடங்கிய பேச்சின் மறுமொழிகளை அனுமதிப்பது. இரண்டாவது, தாளில் உள்ள அனுமதி. மூன்றாவது, சோதித்துப் பார்ப்பதற்காக மேலிருந்து வரும் பிங்கை அனுமதிப்பது. இதையும் காக்காவிடம் சொல்லித் தாளில் சேர்த்தோம். இறுதி விதி, எஞ்சியவற்றை மறுப்பது. மறுப்பதிலும் இருவகை உண்டு. ஒன்று, பதிலே சொல்லாமல் பொதியைக் கீழே போட்டுவிடுவது. கேட்டவர் காத்துக்கொண்டே இருப்பார். மற்றொன்று, அனுமதி இல்லை என்று தெரிவித்துத் திருப்பி அனுப்புவது. சொந்தங்களுக்குள் நாங்கள் இரண்டாவதையே தேர்ந்துகொண்டோம். சர்வருக்குள் நுழைந்து இவ்விதிகளை மாற்றும் வழி, பாட அறையின் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் உண்டு. பின்னர் காக்கா முன்னிலையிலேயே கீழ்வீட்டுக் கணினியிலிருந்து மேல்வீட்டு லேப்டாப்பை அழைத்துக் காட்டினோம். மறுப்பே வந்தது.

உம்மாவின் டேப்லெட்

ஒரு சிறு ஏமாற்றம் மிச்சம் இருந்தது. ஒரே வலையில் இருக்கும் பாட்டுப் பெட்டியையோ பிரிண்டரையோ போன்கள் தாமே கண்டுபிடித்துக் காட்டும். இந்தக் கண்டுபிடிப்பு, வலைக்குள் எல்லாரையும் கூவி அழைப்பதன் மூலம் நடப்பது. அந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டாது. தாண்டாமல் இருப்பதே முறை. ஆகவே உம்மாவின் டேப்லெட்டில் சேமிப்புப் பெட்டி தானாகத் தென்படவில்லை. முகவரியை நாங்களே அடித்து, அதைத் திரையில் ஒரு படமாக வைத்துக் கொடுத்தோம். அதைத் தொட்டால் வாப்பாவின் பாடங்கள் ஒரு வரிசையாகவும், பிள்ளைகளின் ஓதல் மற்றொரு வரிசையாகவும் வரும்.

அன்று இரவு உம்மா நெடுநேரம் வாப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததாக மதினி மறுநாள் சொன்னார்கள். பாடத்தின் நடுவே வாப்பா இருமும் இடங்களில், தண்ணீர் கொண்டுபோய் வைத்த நாட்களை நினைத்து, உம்மா தமக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்களாம்.

சில வாரங்களுக்குப் பின் காக்கா தாமாகவே கீழே இறங்கி வந்து, மகளின் தேர்வு நுழைவுச்சீட்டை அச்சிடப் பிரிண்டருக்கு அனுமதி தரலாமா என்று கேட்டார்கள். தாளில் ஒரு வரி கூட்டினோம். சர்வரில் துறை எண் 631-க்கு ஒரு விதி கூட்டினோம். இப்பொழுது அந்தத் தாளில் நான்கு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஒருவர் கேட்டு மற்றவர் இசைந்தது.

இதைச் செய்ய எண்ணும் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். கம்பி வாங்குமுன் மறுவீட்டாரோடு ஒருமுறை அமருங்கள். எது வரலாம், எது வரலாகாது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எண் மாற்ற வேண்டியிருந்தால் உங்களுடையதை மாற்றிக்கொள்ள முன்வாருங்கள். போகும் வழியை எழுதியதோடு நின்றுவிடாமல், திரும்பும் வழி எங்கே எழுதப்பட வேண்டும் என்று தேடுங்கள். அந்த இடம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. மற்றவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கம்பி வந்துவிட்டது என்பதற்காகப் படியேறுவது குறைந்துவிடவும் கூடாது. உறவைச் சேர்ந்து நடப்பது நம் மீதுள்ள கடமை. சர்வர் அதை நமக்காக நிறைவேற்றித் தராது. எங்கள் வீட்டில், உம்மா குறித்து வைக்கும் ஓதல் பிழைகளை வாங்கி வர, பாடம் முடிந்ததும் எங்களில் ஒருவர் நாள்தோறும் மேலே செல்கிறோம். அந்தக் குறிப்புகளை டேப்லெட்டின் வழியே அனுப்பவும் ஏற்பாடு செய்யலாம் என்று மகன் சொன்னான். அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பிரிந்து வாழும் உறவுகளின் உள்ளங்களை அல்லாஹ் இணைத்து வைப்பானாக. மர்ஹூம்களின் மண்ணறைகளை ஒளியால் நிரப்புவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.